பூங்காவில் டிரோன் பறக்கவிடலாமா?



உங்கள் வீட்டுப் பிள்ளைக்குப் பிறந்தநாள் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முன்பெல்லாம் பம்பரம், பட்டம், கையில் கொஞ்சம் பணம் இருந்தால் சைக்கிள் என்று கேட்ட பிள்ளைகள் இன்று என்ன கேட்கிறார்கள்? "அப்பா, எனக்கு ஒரு டிரோன் வாங்கிக் கொடுங்கள்" என்கிறார்கள். கைத்தொலைபேசியில் பார்த்துப் பார்த்து ஆசை வளர்ந்துவிட்டது. விலையும் முன்போல் இல்லை. இரண்டு மாதம் மிகைநேரம் வேலை செய்தால் ஒரு நடுத்தர டிரோனை வாங்கிவிடலாம் என்னும் நிலை வந்துவிட்டது.

வாங்கிக் கொடுப்பது தவறன்று. ஆனால் வாங்கியவுடன் பிள்ளை அதை எடுத்துக்கொண்டு எங்கே ஓடுவான்? தோட்டத்துத் திடலுக்கோ, ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போகும் நகரப் பூங்காவுக்கோதான் ஓடுவான். அங்கே அதைப் பறக்கவிடலாமா, கூடாதா? இந்தக் கேள்வியைக் கடைக்காரர் நமக்குச் சொல்வதில்லை. பெட்டிக்குள் இருக்கும் தாளிலும் நம் நாட்டுச் சட்டம் அச்சிடப்பட்டிருப்பதில்லை. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம் முன்னோர் சொன்னது ஆற்றுக்கு மட்டுமல்ல, ஆகாயத்துக்கும் பொருந்தும். ஆகவே இதைச் சற்று விளக்கமாகக் காண்போம்.

நூலில்லாத பட்டம்

டிரோன் என்பது ஆளில்லாமல் பறக்கும் சிறு வானூர்தி. பெரும்பாலும் நான்கு விசிறிகள் இருக்கும். கீழே நிற்பவர் கையிலுள்ள கருவி வானொலி அலைகளை அனுப்புகிறது. டிரோன் அதைக் கேட்டு ஏறுகிறது, இறங்குகிறது, திரும்புகிறது. பட்டத்துக்கு நூல் எப்படியோ, டிரோனுக்கு இந்த அலை அப்படி. பட்டத்தின் நூல் அறுந்தால் பட்டம் எங்கோ போய் விழும். காகிதமும் மூங்கில் குச்சியும்தானே என்று விட்டுவிடுவோம். டிரோனின் தொடர்பு அறுந்தால் விழுவது காகிதமல்ல. மின்கலமும், மின்பொறிகளும், சுழலும் இறக்கைகளும் சேர்ந்த ஒரு கனமான பொருள்.

செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் உங்களுக்கு இதை நான் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. குலை வெட்டும்போது மரத்தடியில் யாரையும் நிற்க விடுவீர்களா? தலைக்கவசம் இல்லாமல் வெட்டப் போவீர்களா? உயரத்திலிருந்து விழும் பொருளின் வேகம் உங்களுக்குத் தெரியும். 20 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள், காற்றின் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால், இரண்டே விநாடியில் தரையைத் தொடும். அப்போது அதன் வேகம் மணிக்கு 70 கிலோமீட்டரைத் தாண்டியிருக்கும். ஒரு கிலோ எடையுள்ள டிரோன் அந்த வேகத்தில் ஊஞ்சலில் ஆடும் குழந்தையின் தலைமேல் விழுந்தால் என்ன ஆகும்? சுழலும் இறக்கை கண்ணில் பட்டால் என்ன ஆகும்? நினைக்கவே மனம் நடுங்குகிறதல்லவா?

இன்னோர் ஆபத்தும் உண்டு. வானம் வெறுமையாகக் கிடக்கிறது என்று நாம் எண்ணுகிறோம். அதில் விமானங்களும் ஹெலிகாப்டர்களும் போய்வருகின்றன. வெள்ளக் காலத்தில் மீட்புப் பணிக்கு வரும் ஹெலிகாப்டர் மிகத் தாழ்வாகப் பறக்கும். 2018-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் இங்கிலாந்தின் கேட்விக் விமான நிலையத்தருகே டிரோன் தென்பட்டதாக வந்த தகவலால் ஏறத்தாழ 1,000 விமானப் பயணங்கள் பாதிக்கப்பட்டன. சுமார் 1,40,000 பயணிகள் அவதிப்பட்டனர். 2019-ஆம் ஆண்டு ஜூன் மாதம் நம் அண்டை நாடான சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலும் இதே போன்ற தொல்லை நேர்ந்து, 37 விமானப் பயணங்கள் தாமதமாயின. சிறு பொருள்தானே என்று அலட்சியமாக இருக்க முடியாது என்பதற்கு இவையே சான்று.

வானத்துக்கு ஓர் அதிகாரி, தரைக்கு ஓர் அதிகாரி

பூங்காவில் டிரோன் விடுவதைப் பற்றிப் பலர் குழம்புவதற்கு ஒரு காரணம் உண்டு. இதில் அதிகாரம் ஒரே இடத்தில் இல்லை. பூங்காவின் தரையும், மரமும், நாற்காலியும், கதவும் நகராண்மைக் கழகத்தின் பொறுப்பில் இருக்கின்றன. அந்தப் பூங்காவின் மேலுள்ள வானமோ வேறோர் அமைப்பின் பொறுப்பில் இருக்கிறது.

மலேசியாவில் வானத்துக்குப் பொறுப்பானது மலேசியப் பொது வான்போக்குவரத்து ஆணையம். சுருக்கமாக சி.ஏ.ஏ.எம். என்பார்கள். முன்பு பொது வான்போக்குவரத்து இலாகாவாக இருந்தது, 2018-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் நாள் ஆணையமாக மாறியது. டிரோன்களைப் பற்றிய விதிகள் 2016-ஆம் ஆண்டுப் பொது வான்போக்குவரத்து விதிகளில் எழுதப்பட்டிருக்கின்றன.

தரைக்குப் பொறுப்பான நகராண்மைக் கழகங்களுக்கும் மாவட்ட மன்றங்களுக்கும் 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் துணைச்சட்டங்கள் இயற்றும் அதிகாரத்தை வழங்கியுள்ளது. 'உண்டாங்-உண்டாங் கெச்சில்' என்று மலாயில் சொல்வார்களே, அதுதான். பூங்காவில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதை இவற்றின் மூலம் கழகம் விதிக்கிறது. மீறுவோருக்கு 2,000 வெள்ளி வரை அபராதமோ, ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க அந்தச் சட்டத்தில் இடமுண்டு.

இதிலிருந்து நாம் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன? ஒருவர் அனுமதித்தால் மற்றவரும் அனுமதித்ததாக ஆகாது. பூங்காக் காவலாளி "பரவாயில்லை தம்பி, விடு" என்று சொல்லிவிட்டால் வானத்தின் விதி விலகிவிடாது. வான்போக்குவரத்து ஆணையத்தின் கடிதம் கையில் இருந்தாலும் பூங்கா வாயிலில் 'டிலாராங்' என்று பலகை இருந்தால் உள்ளே விட முடியாது. இரண்டு கதவும் திறந்தால்தான் உள்ளே போகலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

முதலில் எல்லா டிரோன்களுக்கும் பொதுவான விதிகளைப் பார்ப்போம்.

தரையிலிருந்து 400 அடிக்கு மேல் அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாது. 400 அடி என்றால் ஏறத்தாழ 120 மீட்டர். நன்கு வளர்ந்த செம்பனை மரம் 20 மீட்டர் உயரம் என்று கொண்டால், ஆறு மரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்திய உயரம்.

விமான நிலையத்தைச் சுற்றியுள்ள போக்குவரத்து வட்டத்துக்குள் அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாது. வானத்தையும் வகை வகையாகப் பிரித்து ஆங்கில எழுத்துகளால் பெயரிட்டிருக்கிறார்கள். அவற்றுள் ஏ, பி, சி, ஜி ஆகிய வகைகளில் பறக்கவிடவும் அனுமதி தேவை. அண்ணாந்து பார்த்தால் இந்தக் கோடுகள் கண்ணுக்குத் தெரியா. ஆகவே, எந்த இடமானாலும் கேட்டுத் தெரிந்துகொள்வதே வழி.

டிரோன் எப்போதும் பறக்கவிடுபவரின் கண்ணுக்கு நேராகத் தெரிய வேண்டும். கைத்தொலைபேசித் திரையில் தெரிகிறதே என்பது போதாது. பத்திரமாகப் பறக்கவிட முடியும் என்று அவருக்கு உறுதியாகத் தோன்ற வேண்டும். டிரோனிலிருந்து எதையும் ஆளுக்கோ பொருளுக்கோ ஆபத்து நேரும்படி கீழே போடக் கூடாது. 20 கிலோவுக்கு மேற்பட்ட எடையுள்ள டிரோன் என்றால் கட்டுப்பாடு இன்னும் கடுமை. நம் பிள்ளைகள் கேட்பது அந்த வகையன்று.

இனி, கேமரா பொருத்திய டிரோன்களைப் பற்றிப் பார்ப்போம். இன்று கடைகளில் விற்கும் டிரோன்களில் பெரும்பாலானவை கேமரா பொருத்தியவையே. அவற்றுக்குக் கூடுதலான விதிகள் உண்டு. அனுமதியின்றி இவற்றைக் கீழ்க்கண்ட தூரங்களுக்குள் பறக்கவிடக் கூடாது:

மனிதர்களிடமிருந்து 50 மீட்டர். பறக்கவிடுபவரும் அவருடைய பொறுப்பில் உள்ளவர்களும் இதில் சேர மாட்டார்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் இந்தத் தூரம் 30 மீட்டர்.

அவருடைய பொறுப்பில் இல்லாத வாகனம், படகு, கட்டடம் ஆகியவற்றிலிருந்து 50 மீட்டர்.

1,000 பேருக்கு மேல் திரண்டிருக்கும் திறந்தவெளிக் கூட்டத்திலிருந்து 150 மீட்டர். கூட்டத்தின் மேலேயும் பறக்கவிடக் கூடாது.

குடியிருப்பு, வணிகம், தொழில், பொழுதுபோக்கு ஆகியவற்றுக்குப் பயன்படும் இடங்களிலிருந்து 150 மீட்டர். அவற்றின் மேலேயும் கூடாது.

கடைசியாகச் சொன்னதை இன்னொரு முறை படியுங்கள். பொழுதுபோக்குக்குப் பயன்படும் இடம் என்றால் என்ன? பூங்காதானே! ஆகவே, 'பூங்காவில் டிரோன் பறக்கவிடலாமா?' என்ற நம் கேள்விக்கு விடை இங்கேயே கிடைத்துவிடுகிறது. கேமரா பொருத்திய டிரோனை அனுமதி இல்லாமல் பூங்காவில் பறக்கவிடக் கூடாது. பூங்காவின் வேலிக்கு வெளியே நின்று விட்டாலும், 150 மீட்டருக்குள் என்றால் அதே விதிதான்.

இந்தத் தூரங்களைப் பிள்ளைகளுக்கு எப்படிப் புரிய வைப்பது? அடிக்கோலை எடுத்துக்கொண்டு யாரும் பூங்காவுக்குப் போவதில்லை. நமக்குத் தெரிந்த கணக்கைக் கொண்டு சொல்லலாம். செம்பனைக் கன்றுகளை ஏறக்குறைய 9 மீட்டர் இடைவெளியில் நடுகிறோம். ஒரு மரத்தடியில் நின்றுகொண்டு வரிசையில் ஆறாவது மரம் வரை பாருங்கள்; அது 50 மீட்டரைச் சற்றுத் தாண்டும். பதினேழாவது மரம் வரை பாருங்கள். அது 150 மீட்டரைத் தாண்டும். என் வகுப்புப் பிள்ளைகளை ஒருநாள் தோட்டத்து வரிசையில் இப்படி நடக்க வைத்தேன். "இவ்வளவு தூரமா சார்!" என்று வியந்தார்கள். நகரப் பூங்காவில் எந்த இடத்தில் நின்றாலும் பதினேழு மரத் தூரத்துக்குள் ஆள் இல்லாமல் இருக்குமா என்று கேட்டேன். ஒருவரும் கை தூக்கவில்லை.

இந்த விதிகளை மீறினால் தனி ஒருவருக்கு 50,000 வெள்ளி வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். நிறுவனம் என்றால் 100,000 வெள்ளி வரை அபராதம். 2025-ஆம் ஆண்டில் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. அந்தச் சம்பளத்தில் ஒரு காசுகூடச் செலவழிக்காமல் சேர்த்தாலும் 50,000 வெள்ளிக்கு ஏறக்குறைய இரண்டரை ஆண்டுகள் ஆகும். நீதிமன்றம் எல்லாருக்கும் உச்சத் தண்டனை விதிப்பதில்லை என்றாலும், அந்த ஆபத்தை ஒரு தொழிலாளர் குடும்பம் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டுமா? யோசித்துப் பாருங்கள்.

நாம் போகும் இடங்களில்...

தைப்பிங் ஏரிப் பூங்காவை எடுத்துக்கொள்வோம். ஈயம் தோண்டிய பள்ளங்களையே ஏரிகளாக்கி, 1880-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட அழகிய பூங்கா அது. சாலையின் மேல் கிளை பரப்பி ஏரி நீரைத் தொடும் மழைமரங்களை வானிலிருந்து படமெடுத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று யாருக்கும் ஆசை வரும். ஆனால் காலையும் மாலையும் அங்கே நடைபயில்வோர் எத்தனை பேர்! தள்ளுவண்டியில் குழந்தைகளைக் கொண்டுவரும் தாய்மார்கள் எத்தனை பேர்! மேலே சொன்ன 50 மீட்டரை எங்கே காண்பது?

ஈப்போவில் நம்மவர் பெருமையைச் சொல்லும் டி.ஆர். சீனிவாசகம் பூங்கா இருக்கிறது. அந்த நகரத்தின் விமான நிலையமான சுல்தான் அஸ்லான் ஷா விமான நிலையமும் நகருக்கு அருகிலேயே இருக்கிறது. ஆகவே ஈப்போவில் டிரோன் விட நினைப்பவர் பூங்கா விதியோடு விமான நிலைய விதியையும் சேர்த்தே எண்ண வேண்டும். பினாங்கில் பாயான் லெப்பாஸ், சிலாங்கூரில் சுபாங், ஜொகூரில் செனாய் என்று இப்படிப் பல இடங்கள். குளுவாங் வட்டாரத் தோட்டங்களில் இருப்பவர்கள் இராணுவ ஹெலிகாப்டர்களை அடிக்கடி பார்த்திருப்பீர்கள். அங்கே இராணுவத்தின் விமானப் பிரிவு இருக்கிறது. இராணுவ முகாம்களின் பக்கம் டிரோனைக் கொண்டு போகவே வேண்டாம்.

தைப்பூசத்தன்று பத்துமலையிலும், பினாங்கு தண்ணீர்மலையிலும் கூடும் கூட்டத்தைச் சொல்லவே வேண்டாம். 1,000 பேர் என்ற எல்லை அங்கே கண்மூடித் திறப்பதற்குள் தாண்டிவிடும். நம் தோட்டத்து மாரியம்மன் கோயில் தீமிதியில்கூட அக்கம்பக்கத்துத் தோட்டத்து மக்கள் சேர்ந்தால் அந்த எண்ணிக்கை வந்துவிடும். ஒரு திருவிழாவில் நான் கண்டது இது: படம் எடுக்க வந்த ஒருவரின் டிரோன் காற்றில் தடுமாறி, பந்தல் கம்பத்தில் மோதி, பால்குடம் ஏந்தி நின்ற பெண்களுக்கு நான்கடி தள்ளி விழுந்தது. யாருக்கும் காயமில்லை. ஆனால் பயந்து ஓடிய கூட்டத்தில் வயதான ஓர் அம்மாள் கீழே விழுந்து கையை ஒடித்துக்கொண்டார். படம் எடுத்தவர் கெட்டவரல்லர். அனுமதி பெற வேண்டும் என்பதே அவருக்குத் தெரியாது. திருவிழாக் குழுவினருக்கும் தெரியாது. தெரியாமையின் விலையை அந்த அம்மாள் மூன்று மாதம் வேலைக்குப் போகாமல் கொடுத்தார்.

வாசகர்கள் கேட்கக்கூடிய சில கேள்விகள்

கேமரா இல்லாத சிறு விளையாட்டு டிரோனுக்கும் இத்தனை விதிகளா?

தூரங்களைப் பற்றிய விதிகள் கேமரா போன்ற கருவி பொருத்தியவற்றுக்கே உரியவை. ஆனால் வானத்தின் வகை, உயரம், விமான நிலைய வட்டம், கண்பார்வை, பாதுகாப்பு ஆகியவை எல்லாவற்றுக்கும் பொது. பூங்காவின் சொந்த விதியும் அப்படியே. சிறு குழந்தைக்கு வாங்கிய உள்ளங்கை அளவு டிரோன் என்றால் வீட்டுக்குள்ளேயே விளையாட விடுவது நல்லது.

எங்கள் தோட்டத்துக்குள்ளேயே விடலாமா? அது பொது இடமில்லையே?

பலர் இப்படித்தான் நினைக்கிறார்கள். லயத்து வீடுகள் குடியிருப்பு, ஆலை தொழிலிடம். இரண்டும் மேலே சொன்ன பட்டியலில் இருக்கின்றன. மேலும் தோட்டம் நிர்வாகத்துக்குச் சொந்தமான நிலம். நிர்வாகியின் சம்மதம் தரைக்கு உரியது. வானத்துக்கு உரிய அனுமதியை அவர் கொடுக்க முடியாது. இங்கும் இரண்டு கதவுதான்.

மகள் திருமணத்துக்கு வரும் படப்பிடிப்பாளர் டிரோன் கொண்டு வருகிறார். நாங்கள் என்ன செய்வது?

முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, "அனுமதிக் கடிதம் இருக்கிறதா?" என்று கேளுங்கள். கூலி பெற்றுக்கொண்டு பறக்கவிடுபவர் சி.ஏ.ஏ.எம். அனுமதி பெற்றிருக்க வேண்டும். வானிலிருந்து நிலப்படம் எடுப்பதற்கு ஜுபெம் எனப்படும் நில அளவை, வரைபடத் துறையின் அனுமதியும் தேவைப்படும். முறையாகத் தொழில் செய்பவர் கேட்டால் கோபிக்க மாட்டார், காட்டுவார். மழுப்புகிறவரை டிரோன் இல்லாமல் படமெடுக்கச் சொல்லுங்கள். கல்யாணம் குறைந்துபோகாது.

பக்கத்து வீட்டுப் பையன் டிரோனை எங்கள் சன்னலருகே கொண்டு வருகிறான். புகார் செய்யலாமா?

முதலில் அவன் பெற்றோரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். குளிக்கும் இடத்தையும் துணி உலர்த்தும் கொல்லையையும் மேலிருந்து பார்ப்பது விளையாட்டன்று. ஒருவரின் மானத்துக்கு இழுக்கு ஏற்படுத்தும் எண்ணத்தோடு அவரது அந்தரங்கத்தில் தலையிட்டால், தண்டனைச் சட்டம் 509-ஆம் பிரிவின்படி ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனைக்கு இடமுண்டு. சொல்லியும் கேட்காவிட்டால் போலீசில் புகார் செய்ய உங்களுக்கு உரிமை இருக்கிறது. கல்லெறிந்து வீழ்த்த முயல வேண்டாம். அது எங்கே விழும் என்று யாருக்குத் தெரியும்?

பாலம் கடந்து செல்வோர் கவனத்துக்கு

ஜொகூரிலிருந்து நாள்தோறும் சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்லும் நம் பிள்ளைகள் பலர். விடுமுறையில் உறவினர் வீட்டுக்குப் போகும் குடும்பங்களும் உண்டு. அங்கே சட்டம் வேறு என்பதை மறக்கக் கூடாது.

சிங்கப்பூரில் 250 கிராமுக்கு மேற்பட்ட டிரோன்களைப் பதிவு செய்ய வேண்டும். 2020-ஆம் ஆண்டு ஜனவரி 2-ஆம் நாள் பதிவு தொடங்கியது. அவ்வாண்டு ஏப்ரல் 2-ஆம் நாளிலிருந்து பதிவில்லாமல் பறக்கவிடுவது குற்றமாயிற்று. பதிவு செய்பவருக்கு 16 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஒன்றரைக் கிலோவுக்கு மேல் 7 கிலோ வரை எடையுள்ளவற்றைப் பொழுதுபோக்காகப் பறக்கவிடுபவர் அடிப்படைப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பது 2021-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நடப்புக்கு வந்தது. விமான நிலையத்திலிருந்தோ விமானப் படைத் தளத்திலிருந்தோ 5 கிலோமீட்டருக்குள் அனுமதியின்றி விடக் கூடாது.

உயரக் கணக்கும் வேறு. அங்கே அனுமதி இல்லாமல் போகக்கூடிய உயரம் 200 அடி, அதாவது ஏறத்தாழ 60 மீட்டர். அதுவும் தரையிலிருந்து அன்று, கடல் மட்டத்திலிருந்து கணக்கிடப்படுகிறது. புக்கிட் தீமா மலையின் உச்சி கடல் மட்டத்திலிருந்து 163 மீட்டர். அந்த உச்சியில் நின்று டிரோனை ஒரு முழம் தூக்கினாலும் எல்லை தாண்டிவிட்டதாகவே பொருள்! தேசியப் பூங்காக் கழகத்தின் பொறுப்பில் உள்ள பூங்காக்களுக்கும் இயற்கைக் காப்பிடங்களுக்கும் சொந்த விதிகளும் உண்டு. ஆகவே இங்கே பழகிய பழக்கத்தை அங்கே கொண்டு போகாதீர்கள்.

எப்படிக் கேட்பது? யாரைக் கேட்பது?

நம்மில் பலருக்கு அலுவலகம் என்றாலே ஒரு தயக்கம். கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவார்கள், எதற்குக் கேட்பது என்று இருந்துவிடுகிறோம். அந்தத் தயக்கத்தை விடுங்கள். பூங்காவுக்குள் நுழையும்போது முதலில் அறிவிப்புப் பலகையைப் படியுங்கள். 'டிலாராங் மெனெர்பாங்கான் டிரோன்' என்று எழுதியிருந்தால் டிரோன் பறக்கவிடத் தடை என்று பொருள். பலகை இல்லாவிட்டால் அனுமதி உண்டு என்று எடுத்துக்கொள்ளாமல், அங்குள்ள ஊழியரிடம், "என்சேக், பொலே தெர்பாங்கான் டிரோன் டி சினி?" என்று கேளுங்கள். பின் நகராண்மைக் கழகத்தின் பூங்காப் பிரிவில் எழுத்து மூலம் கேட்டுப் பெறுங்கள். வாய்ச் சொல் காற்றோடு போகும். கடிதம் கையில் நிற்கும்.

வானத்துக்கான அனுமதியை சி.ஏ.ஏ.எம். ஆணையத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். எங்கே, எப்போது, எவ்வளவு உயரத்தில், எந்த வகை டிரோன் என்னும் விவரங்களைக் கேட்பார்கள். இன்று சொன்னால் நாளை கிடைக்கும் என்று எண்ணாமல் பல நாள் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். படிவம் நிரப்பத் தெரியாவிட்டால் உங்கள் பள்ளி ஆசிரியரிடமோ, படித்த இளைஞரிடமோ உதவி கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. டிரோன் வாங்கும்போது அதில் சிரிம் முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்; வானொலி அலையைப் பயன்படுத்தும் கருவிகளுக்கு அது வேண்டும்.

பொழுதுபோக்கு மட்டுமன்று, பிழைப்பும் ஆகும்

இவ்வளவையும் படித்துவிட்டு, "அப்படியானால் வேண்டவே வேண்டாம்" என்று பிள்ளையின் ஆசையைக் கிள்ளி எறிந்துவிடாதீர்கள். ஆசிரியன் என்ற முறையில் பெற்றோருக்கு நான் சொல்ல விரும்புவது இதைத்தான்.

இன்று தோட்டங்களிலேயே டிரோன் நுழைந்துவிட்டது. செம்பனைக்கு மருந்து தெளிக்கிறார்கள்; மரங்களை எண்ணுகிறார்கள்; நோய் கண்ட மரங்களை மேலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்கிறார்கள். முதுகில் மருந்துப் பம்பைச் சுமந்து, முகத்தில் நஞ்சு படப் படத் தெளித்த நம் தாய்மார்களின் வேலை மெல்ல மெல்ல இயந்திரத்தின் கைக்குப் போகிறது. அந்த இயந்திரத்தை இயக்கப் போவது யார்? வெளியிலிருந்து வரும் ஒருவரா, நம் லயத்திலிருந்து படித்து வரும் பிள்ளையா? சி.ஏ.ஏ.எம். அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையங்களில் தேர்ச்சி பெற்றவர்களுக்குத் தகுதிச் சான்றிதழ் தருகிறார்கள். விவசாய வேலைக்கான டிரோன்களுக்கென்று தனி வழிமுறைகளும் வகுத்திருக்கிறார்கள். பிள்ளைக்கு இதில் உண்மையாகவே நாட்டம் இருந்தால், கணக்கும் அறிவியலும் மலாயும் ஆங்கிலமும் ஒழுங்காகப் படிக்க அதையே தூண்டுகோலாக்குங்கள்.

சட்டத்தை மதித்துப் பழகிய பிள்ளைக்குத்தான் நாளை அந்த வேலை கிடைக்கும். பதினைந்து வயதில் பூங்காவில் பிடிபட்டு வழக்கில் சிக்கிய பிள்ளைக்குக் கதவு அடைபடலாம். இன்று 'கூடாது' என்று நாம் சொல்வது, நாளை அவன் முறையாகப் பறக்கவிடட்டும் என்பதற்காகத்தான் என்று அவனுக்குப் புரியும்படி எடுத்துச் சொல்லுங்கள்.

நினைவில் வைக்க வேண்டியவை

டிரோனைப் பெட்டியிலிருந்து எடுக்கும் முன் பிள்ளையோடு உட்கார்ந்து இந்த ஆறு கேள்விகளையும் கேளுங்கள்.

1. இந்த இடத்தின் தரை யாருடையது? அவர் சம்மதித்தாரா?

2. மேலேயுள்ள வானத்துக்கு அனுமதி உண்டா? பக்கத்தில் விமான நிலையமோ இராணுவ முகாமோ இருக்கிறதா?

3. கேமரா இருக்கிறதா? இருந்தால் ஆறு மரத் தூரத்துக்குள் ஆளில்லையா? பதினேழு மரத் தூரத்துக்குள் வீடோ, கடையோ, ஆலையோ, பூங்காவோ இல்லையா?

4. உயரம் ஆறு செம்பனை மரத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வாயா?

5. கண்ணால் எப்போதும் பார்த்துக்கொண்டிருப்பாயா?

6. காற்றோ மழையோ வந்தால் உடனே இறக்கிவிடுவாயா?

ஆறுக்கும் சரியான விடை வந்தால் மட்டும் விடட்டும். ஒன்றுக்கு விடை இல்லாவிட்டாலும் பெட்டியை மூடி வைக்கட்டும். இந்தப் பக்கத்தைக் கத்தரித்து வீட்டுச் சுவரில் ஒட்டி வையுங்கள். அடுத்த வீட்டாருக்கும் படித்துக் காட்டுங்கள். கோயில் திருவிழாக் குழுவில் இருப்பவர்கள் அடுத்த கூட்டத்திலேயே இதைப் பேசி முடிவெடுங்கள். விதி என்னவென்று நமக்குத் தெரிந்திருந்தால், நம் பிள்ளைகள் எந்தப் பூங்காவுக்கும் தலைநிமிர்ந்து போய் வரலாம்.